கம்பளி கற்பிக்கும் பாடம்

(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு மாணவி)

"கைவேலை" என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்முள் பலருக்கு இதழோரத்தில் ஓர் இளநகை தோன்றிவிடுகிறது. அது பொழுதுபோக்கு, அது பெண்பிள்ளைகளுக்கு உரியது, அது பள்ளியோடு முடிந்துபோன சங்கதி என்ற எண்ணம். கல்லூரிகளில் கண்காட்சி வைத்தால் ஒரு மூலையில் மேசை போட்டு, ஐஸ்கிரீம் குச்சியில் கட்டிய வீட்டையும் உல்லன் நூலில் செய்த பொம்மையையும் அடுக்கி, "கைவினைப் பிரிவு" என்று எழுதி ஒட்டிவிடுகிறோம். பார்க்க வருபவர்களும் "அழகாக இருக்கிறதே!" என்று சொல்லிவிட்டு அடுத்த அரங்குக்குச் சென்றுவிடுகிறார்கள். அந்தப் பொருளைச் செய்தவர் என்ன கற்றார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், அவரிடம் விடை இருக்குமா என்பதும் ஐயமே.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆனால் கைச் சுரைக்காயும் ஏட்டைப் பார்த்து எழுதியது போல ஆகிவிட்டால் என் செய்வது? இன்று கைவினைப் பொருள்கள் பெட்டி பெட்டியாகக் கடைக்கு வருகின்றன. சாயமேற்றிய கம்பளி, ஊசி, மெத்தைத் துண்டு, படம் போட்ட குறிப்பு எல்லாம் அதனுள் இருக்கும். கைப்பேசித் திரையில் ஒருவர் செய்து காட்டுவதைப் பார்த்தபடியே குத்திக்கொண்டு போனால் மாலைக்குள் ஒரு முயல் பொம்மை தயார். முயல் கிடைத்துவிட்டது, கல்வி கிடைத்ததா?

கைவினை என்பது செய்முறைகளின் பட்டியலை மனப்பாடம் செய்வதன்று, ஒரு பொருளின் இயல்பை விரல்களால் அறிந்துகொள்வது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து. அதற்கு எடுத்துக்காட்டாக ஆட்டுக் கம்பளியை அமுக்கித் துணியாக்கும் ஃபெல்ட் கலையை எடுத்துக்கொள்கிறேன். விலங்கியல் படிப்பவள் கம்பளியைப் பற்றி எழுதுவதில் வியப்பில்லையே!

ஃபெல்ட் என்பது யாது?

நூல் நூற்று, அதைத் தறியிலேற்றி, ஊடும் பாவுமாக நெய்தால் துணி. ஒரே நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னினால் ஸ்வெட்டர். இந்த இரண்டும் இல்லாமல், நூற்காத மயிரையே அடுக்கி, நனைத்து, தேய்த்து, உருட்டி, பிரிக்க முடியாத ஒரே தகடாக்கினால் அது ஃபெல்ட். நாம் எழுதும் சில ஸ்கெட்ச் பேனாக்களின் நுனியும், டென்னிஸ் பந்தின் மேலுறையும், பியானோவின் உள்ளே தந்தியைத் தட்டும் சுத்தியலின் தலையும் ஃபெல்ட் என்னும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. அலங்காரப் பொருள் கடைகளில் "ஃபெல்ட் ஷீட்" என்று விற்கப்படும் வண்ணத் தகடுகள் பெரும்பாலும் செயற்கை இழையால் ஆனவை. அவற்றை வெட்டலாம், ஒட்டலாம். ஆனால் அவற்றிலிருந்து நான் பேசப்போகும் பாடத்தைக் கற்க முடியாது.

இது மிகப் பழைய கலை. சைபீரியாவின் தெற்கே அல்தாய் மலைப் பகுதியில் பாசிரிக் என்னுமிடத்தில், பனியில் உறைந்து கிடந்த கல்லறைகளிலிருந்து ஃபெல்ட் விரிப்புகளும் குதிரைச் சேணங்களின் அலங்காரங்களும் கிடைத்தன. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட அவை இன்று ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றுள் ஃபெல்ட்டால் செய்து உள்ளே அடைத்துத் தைத்த அன்னப் பறவை உருவங்களும் உண்டு. பொம்மை செய்வதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று எண்ணுவோர் அந்த அன்னங்களின் படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

மயிரின் மறைபொருள்

பஞ்சை எவ்வளவு நேரம் சோப்புத் தண்ணீரில் தேய்த்தாலும் அது ஃபெல்ட் ஆவதில்லை. பட்டும் ஆவதில்லை. ஆட்டு மயிர் மட்டும் ஏன் ஆகிறது?

நுண்ணோக்கியின் கீழ் ஓர் ஆட்டு மயிரை வைத்துப் பாருங்கள். நம் ஆய்வுக்கூடத்திலேயே இதைப் பார்க்கலாம். அதன் மேற்பரப்பு முழுவதும் ஓட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தது போல நுண்ணிய செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். செதில்களின் திறந்த விளிம்புகள் எல்லாம் மயிரின் நுனியையே நோக்கியிருக்கும். ஆகவே மயிரை அடியிலிருந்து நுனி நோக்கித் தடவினால் வழுக்கும். நுனியிலிருந்து அடி நோக்கித் தடவினால் தடுக்கும். கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்த வித்தை தெரியும். சுணையுள்ள கதிர் ஒன்றைச் சட்டைக் கைக்குள் செருகிக்கொண்டு கையை ஆட்டினால் அது மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், திரும்பி இறங்காது. கம்பளி மயிரும் அப்படித்தான். தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு மயிரும் தன் அடிப்பக்கமாகவே நகர்கிறது. வந்த வழியே திரும்ப முடிவதில்லை. ஆயிரக்கணக்கான மயிர்கள் இப்படி ஒன்றினூடே ஒன்று புகுந்து மாட்டிக்கொள்ளும்போது, பசையும் தையலும் இல்லாமலேயே ஒரு துணி பிறந்துவிடுகிறது.

வெந்நீரில் நனைந்த மயிர் உப்பி இளகுகிறது. சோப்பு அதை நகர உதவுகிறது. கையின் அழுத்தமும் அசைவும் அதை நகர்த்துகின்றன. மயிரின் இயற்கையான சுருள் அதைச் சிக்கவைக்கிறது. ஆசையாக வாங்கிய கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் கசக்கித் துவைத்துவிட்டு, அது தம்பியின் அளவுக்குச் சுருங்கிப்போனதைப் பார்த்துக் கண்கலங்கிய குடும்பங்கள் உண்டு. அங்கே விபத்தாக நடப்பதை இங்கே விரும்பிச் செய்கிறோம். "வெந்நீரில் துவைக்கலாம், சுருங்காது" என்று அச்சிட்ட சில கம்பளி நூல்களில் இந்தச் செதில்களை வேதிப்பொருளால் மழுக்கியிருப்பார்கள். அல்லது மேலே ஒரு மெல்லிய பூச்சுப் பூசியிருப்பார்கள். அந்த நூலை என்ன தேய்த்தாலும் ஃபெல்ட் ஆகாது. காரணம் தெரியாதவர் தம் கையை நொந்துகொள்வார். காரணம் தெரிந்தவர் நூலை மாற்றுவார்.

முறைகள் பல, வேர் ஒன்று

இனி முறைகளுக்கு வருவோம். இவற்றுள் முதலாவது நனைத்து அமுக்கும் முறை. கழுவிச் சீவிய கம்பளியை மெல்லிய கற்றைகளாகப் பிரித்து, முதல் அடுக்கைக் கிழக்கு மேற்காகவும் அடுத்த அடுக்கைத் தெற்கு வடக்காகவும் மாற்றி மாற்றி மூன்று நான்கு அடுக்குகள் பரப்ப வேண்டும். சோப்புக் கரைத்த வெந்நீரைத் தெளித்து, மேலே ஒரு வலைத்துணியை விரித்து, முதலில் உள்ளங்கையால் மென்மையாக அமுக்க வேண்டும். தொடக்கத்திலேயே பலமாகத் தேய்த்தால் அடுக்குக் கலைந்துவிடும். மயிர்கள் ஒன்றையொன்று பற்றத் தொடங்கிய பின்பே வேகத்தைக் கூட்டலாம். பிறகு நம் வீட்டுக் கோரைப்பாயில் வைத்துச் சுருட்டி, முன்னும் பின்னுமாக உருட்ட வேண்டும். திசை மாற்றி மாற்றி உருட்ட வேண்டும். எந்தத் திசையில் உருட்டுகிறோமோ அந்தத் திசையில்தான் அதிகம் சுருங்கும். விரல் நுனியால் மேற்பரப்பைக் கிள்ளிப் பார்த்தால் தனி மயிர் எழக்கூடாது. தகடு முழுவதுமாக எழ வேண்டும். அந்த நிலை வந்தபின் பிசைந்து, மேசைமேல் ஓங்கி அடித்து இறுக்கலாம். 30 செ.மீ. சதுரமாகப் பரப்பியது முடிவில் 20 செ.மீ. அளவுக்குக் கூடச் சுருங்கிவிடும். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்ற பழமொழியின் பொருளை இங்கே கை வலிக்க வலிக்க உணரலாம்.

இரண்டாவது, கோலத்தைக் கம்பளியிலேயே பதிக்கும் முறை. கிர்கிஸ்தான் நாட்டு மகளிர் "அலா கியிஸ்" என்னும் விரிப்பை இவ்வாறு செய்கிறார்கள். நாணல் பாயின்மேல் அடித்தளக் கம்பளியைப் பரப்பி, அதன்மேல் சாயமேற்றிய கம்பளியால் கோலமிட்டு, வெந்நீர் தெளித்துச் சுருட்டி, பலர் சேர்ந்து மிதித்தும் உருட்டியும் இறுக்குவார்கள். கோலமும் தளமும் ஒன்றோடொன்று கலந்து உறவாடுவதால் கோடுகளின் ஓரம் சற்றே கசிந்து, மழை ஈரத்தில் இட்ட கோலம் போலத் தோன்றும்.

மூன்றாவது, வெட்டி இணைக்கும் முறை. அதே கிர்கிஸ் மக்களின் "சிர்டாக்" விரிப்பு இதற்குச் சான்று. இரு நிற ஃபெல்ட் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே கோலத்தை வெட்டுவார்கள். சிவப்பிலிருந்து வெட்டிய துண்டு கறுப்பின் பள்ளத்திலும், கறுப்புத் துண்டு சிவப்பின் பள்ளத்திலும் பொருந்தும். ஒரு துண்டும் வீணாகாமல் இரண்டு விரிப்புகள் கிடைக்கும்! பிறகு அடியில் மற்றொரு ஃபெல்ட்டை வைத்து நெருங்கத் தைப்பார்கள். இந்த இரு கலைகளையும் யுனெஸ்கோ நிறுவனம் 2012ஆம் ஆண்டில், உடனடியாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. காக்கப்பட வேண்டிய நிலையில் அவை இருந்தன என்பதே அதன் பொருள்.

நான்காவது ஊசி முறை. இதில் நீரும் இல்லை, சோப்பும் இல்லை. ஊசியின் விளிம்புகளில் சிறு சிறு வெட்டுகள் இருக்கும். உலர்ந்த கம்பளியில் குத்தும்போது அவ்வெட்டுகள் மேலுள்ள மயிர்களைப் பற்றி உள்ளே இழுத்துச் செல்லும். வெளியே வரும்போது விட்டுவிட்டு வரும். ஆலைகளில் எந்திரங்களில் நூற்றுக்கணக்காகப் பொருத்தப்பட்டு வேலை செய்த இந்த ஊசி, 1980களில்தான் அமெரிக்காவில் கைவினைஞரின் விரல்களுக்கு வந்து சேர்ந்தது. ஊசிகளுக்கு 36, 38, 40 என்று எண்கள் உண்டு. எண் கூடக் கூட ஊசி மெலியும். உருவத்தைத் திரட்டத் தடித்த ஊசி, கண், மூக்கு போன்ற நுணுக்கங்களுக்கு மெல்லிய ஊசி. குத்திய திசையிலேயே ஊசியை வெளியே எடுக்க வேண்டும், சாய்த்தால் ஒடிந்துவிடும். கவனம் சிதறினால் அது குத்துவது கம்பளியை அன்று, நம் விரலை!

ஐந்தாவது "நுனோ" முறை. நுனோ என்பது துணியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பாலி ஸ்டர்லிங் என்னும் கலைஞர் இதை உருவாக்கிப் பரப்பினார். மெல்லிய துணியின்மேல் கம்பளியைச் சன்னமாகப் பரப்பித் தேய்த்தால், மயிர்கள் துணியின் கண்களுக்குள் நுழைந்து மறுபுறம் வந்து பற்றிக்கொள்ளும். கம்பளி சுருங்கும், துணி சுருங்காது. ஆகவே துணி மட்டும் நெளிநெளியாகப் புடைத்து எழும். இதற்கு இடைவெளியுள்ள சல்லாத் துணியோ மெல்லிய மல்மலோ ஏற்றது. நெருங்க நெய்த காஞ்சிப் பட்டில் மயிர் நுழைய இடமிராது.

எதை முதலில் கற்பது?

இங்கேதான் என் கருத்து மாறுபடுகிறது. இக்காலத்தில் பெரும்பாலோர் ஊசி முறையில் தொடங்குகிறார்கள். இடம் குறைவாகப் போதும், ஈரமில்லை, சில மணி நேரத்தில் ஓர் உருவம் கிடைத்துவிடும் என்பவை காரணங்கள். அவை உண்மையே. எனினும் கற்போர் நனைத்து அமுக்கும் முறையிலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏனென்றால், ஊசி முறையில் வேலையை ஊசி செய்துவிடுகிறது. மயிர் எத்தகையதாயினும் ஊசி அதை இழுத்துச் சொருகிவிடும். செயற்கை இழையைக்கூட அப்படிச் சொருகிவிடலாம். எனவே கம்பளியின் குணத்தை அறியாமலேயே ஒருவர் நூறு பொம்மைகள் செய்துவிட முடியும். நனைத்து அமுக்கும்போதோ கம்பளியின் சம்மதமின்றி ஓர் அங்குலமும் நகர முடியாது. அவசரப்பட்டால் அடுக்குக் கலைகிறது. தயங்கினால் தகடு தளர்ந்து கிடக்கிறது. ஓரிடத்தில் கம்பளி மெலிந்திருந்தால் முடிவில் அங்கே ஓட்டை விழுகிறது. ஒவ்வொரு பிழைக்கும் காரணம் கையிலேயே தெரிகிறது. இதைக் கற்றவர் பிறகு ஊசியை எடுத்தால் அதை அறிந்து பயன்படுத்துவார். நுனோவுக்குச் சென்றால் எந்தத் துணி ஏற்கும், எது ஏற்காது என்பதைத் தொட்டே சொல்வார்.

இன்னொன்று. தொடக்கத்திலேயே பொருள் செய்யக்கூடாது. மாதிரித் துண்டுகள் செய்ய வேண்டும். உள்ளங்கை அகலத்தில் பத்துத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஒன்றில் இரண்டு அடுக்கு, ஒன்றில் நான்கு அடுக்கு. ஒன்றில் வெந்நீர், ஒன்றில் தண்ணீர். ஒன்றில் ஒரே திசை, ஒன்றில் குறுக்குத் திசை. முன் அளவு, பின் அளவு, எடை, நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, துண்டையும் பக்கத்திலேயே தைத்துவிட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்வதும் இதுதானே! அந்தக் குறிப்பேடு கையில் இருந்தால், 20 செ.மீ. அகலமுள்ள பை வேண்டுமெனில் எவ்வளவு அகலம் பரப்ப வேண்டும் என்பதை எவரையும் கேட்காமல் கணக்கிட்டுக்கொள்ளலாம். விடுதியில் நாங்கள் மூவர் ஒரு விடுமுறை நாளில் வாளியும் பாயுமாக அமர்ந்து இத்தகைய துண்டுகளைச் செய்து பார்த்தோம். ஒரே சோப்பு, ஒரே நீர். ஆயினும் கறுப்பு ஆட்டின் மயிருக்கு வெள்ளை மயிரைப்போல இரு மடங்கு நேரம் பிடித்தது. புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்தால் மறந்திருப்போம். தோள் வலித்ததால் மறக்கவில்லை.

நம் ஆடுகளின் மயிர்

"வெயில் கொளுத்தும் தமிழ்நாட்டுக்குக் கம்பளி எதற்கு?" என்று ஒரு கேள்வி எழலாம். தமிழகத்தில் ஃபெல்ட் மரபு இருந்ததென்று நான் சொல்லவில்லை. ஆனால் கம்பளி மரபு உண்டு. செம்மறி மேய்த்த குறும்பர் போன்ற மக்கள் ஆட்டு மயிரை நூற்றுக் கம்பளி நெய்தார்கள். பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவது அத்தொழிலின் வழக்கம். மழைக்கும் பனிக்கும், மேய்ச்சல் காட்டில் படுக்கைக்கும் அந்தக் கரடுமுரடான கம்பளி உதவியது.

நம் ஆடுகள் எல்லாம் கம்பளி தருவன அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேச்சேரி, சென்னைச் சிவப்பு ஆகிய இனங்களின் உடலில் இருப்பது குட்டையான முடி. அது இக்கலைக்கு உதவாது. கோயம்புத்தூர் இனமும் திருச்சிக் கறுப்பு இனமும் முரட்டு மயிர் தருபவை. நீலகிரி இனம் மட்டும் மென்மையான கம்பளி தருவது. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் முதலிய வெளிநாட்டு இனங்கள் கலந்து உருவானது அது. அவ்வினத்தை உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் காத்து வருகிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்குகிறது. அங்கே பாரத் மெரினோ என்னும் நுண்கம்பளி இனம் வளர்க்கப்படுகிறது.

மென்மையான கம்பளி விரைவில் ஃபெல்ட் ஆகும், உடலில் உறுத்தாது. முரட்டு மயிர் மெல்ல மெல்லத்தான் பிடிக்கும், உடுத்தினால் குத்தும். ஆனால் எல்லாவற்றையும் உடுத்தத்தான் வேண்டுமா? மிதியடி, அமரும் விரிப்பு, சூடான பாத்திரத்தின் கீழ் வைக்கும் தட்டு, கருவிகளைச் சுற்றிவைக்கும் உறை, முரட்டுப் பை ஆகியவற்றுக்கு முரட்டு மயிர் போதும். சாயமே வேண்டாம், கறுப்பு, பழுப்பு, வெண்மை என்று ஆடே நிறத்தைக் கொடுத்துவிடுகிறது. மெல்லிய கம்பளியைச் சிறிது கலந்தால் முரட்டு மயிரும் எளிதில் இணங்கும்.

இன்றைய நிலை என்ன? நம் நாட்டில் கிடைக்கும் கம்பளியில் பெரும்பகுதி கம்பளத்துக்கு மட்டுமே ஏற்ற முரட்டு வகை. ஆடை நெய்ய வேண்டிய நுண்கம்பளியை ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறோம். மலிவான செயற்கைப் போர்வைகள் வந்தபின் முரட்டுக் கம்பளியைத் தேடுவாரில்லை. தக்காணப் பகுதிகளில், கத்தரித்த மயிர் விலைபோகாமல் அப்படியே வீசியெறியப்படுவதும் உண்டு. ஆட்டுக்குச் சொந்தக்காரருக்கு மயிர் கத்தரிப்பது வரவாக இல்லாமல் செலவாகிவிட்டது. இந்த நிலையில், கடல் கடந்து வந்த மெரினோ கம்பளியைப் பெட்டியில் வாங்கி முயல் பொம்மை செய்துவிட்டு "நாங்கள் இயற்கைப் பொருளைப் போற்றுகிறோம்" என்று நாம் சொல்லிக்கொள்வது பொருந்துமா?

காஷ்மீரம் தரும் எச்சரிக்கை

நம் நாட்டின் ஃபெல்ட் கலைக்குத் தலையாய சான்று காஷ்மீரத்து நம்தா. கம்பளியைப் பாயில் பரப்பி, சோப்பு நீர் தெளித்து, சுருட்டிக் காலால் உருட்டி இறுக்கிய விரிப்பின்மேல் ஆரி ஊசியால் பூவும் கொடியும் தைப்பார்கள். இராஜஸ்தானத்தில் டோங்க் நகரும் நம்தாவுக்குப் பெயர்பெற்றது.

அத்தகைய கலையின் ஏற்றுமதி 1998க்கும் 2008க்கும் இடையே ஏறக்குறைய முற்றாக நின்றுபோயிற்று. மூலப்பொருள் தட்டுப்பாடு, தேர்ந்த கைகளின் பற்றாக்குறை, விற்பனை முறையின் குறைபாடு ஆகிய மூன்றும் காரணங்களாகக் கூறப்பட்டன. பிறகு அரசின் திறன் பயிற்சித் திட்டத்தின் வழியே ஆறு மாவட்டங்களில் ஏறத்தாழ 2,200 பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டு, 2023இல் இங்கிலாந்துக்கு மீண்டும் நம்தா அனுப்பப்பட்டது.

இச்செய்தியில் நமக்கொரு படிப்பினை உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த கலையே பத்தாண்டுகளில் ஒடுங்கிவிட முடியும். கம்பளி இருந்து கை இல்லாவிட்டாலும், கை இருந்து கம்பளி இல்லாவிட்டாலும், இரண்டும் இருந்து வாங்குவார் இல்லாவிட்டாலும் கலை நிற்காது. செய்முறையை மட்டும் கற்பவர் இந்த மூன்றில் பாதியைக்கூடக் கற்றவராகார். ஆட்டையும் அறிந்து, மேய்ப்பவரையும் அறிந்து, பயன்படுத்துவோரின் தேவையையும் அறிந்தவரே கலையைக் காப்பாற்ற வல்லவர்.

படித்தவர்கள் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. இங்கிலாந்தின் கெண்டல் நகரில் ஒரு கலைக்கூடத்தின் இயக்குநராக இருந்த மேரி பர்க்கெட் என்னும் அம்மையார், 1962இல் துருக்கி, ஈரான் நாடுகளில் பயணம் செய்தபோது அங்குள்ள ஃபெல்ட் தொழிலாளரின் வேலையைக் கண்டு ஈடுபாடு கொண்டார். பல ஆண்டுகள் ஆராய்ந்து 1979இல் அக்கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டு, கண்காட்சியும் அமைத்தார். 1984இல் அங்கே ஃபெல்ட் கலைஞர்களுக்கெனப் பன்னாட்டுச் சங்கம் ஒன்றும் தோன்றியது. தொழிலாளரின் கை அறிவைப் படித்தவர் ஒருவர் மதித்ததன் பயன் அது.

சில மறுப்புகள்

"இதைக் கற்றால் வேலை கிடைக்குமா?" என்பது நம் காலத்தின் முதல் கேள்வி. ஃபெல்ட் செய்து மாடமாளிகை கட்டலாம் என்று ஆசை காட்ட நான் விரும்பவில்லை. ஒரு நல்ல விரிப்புக்குச் செலவாகும் உழைப்புக்கு ஈடான விலையைத் தர வாங்குவோர் எளிதில் முன்வருவதில்லை. உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்பதைத் தம் கையால் உணர்ந்தவர், அடுத்த முறை கைவினைக் கடையில் பேரம் பேச வாய் திறக்கும்போது சற்றே தயங்குவார். அந்தத் தயக்கமே கல்வியின் பயன்தான்.

"இது மாணவியர்க்கு உரியது" என்பது இன்னொரு மறுப்பு. காஷ்மீரத்தில் ஆண்கள் நம்தா செய்கிறார்கள்; கிர்கிஸ்தானில் பெண்கள் சிர்டாக் செய்கிறார்கள். கம்பளிக்கு ஆண் கை, பெண் கை என்ற வேறுபாடு தெரியாது. தோள் வலிமையும் பொறுமையும் மட்டுமே தெரியும்.

"அழுக்கு மயிரைத் தொட்டால் நோய் வராதா?" என்று கேட்பவர்களுக்கு விலங்கியல் மாணவி என்ற முறையில் விடை சொல்கிறேன். கழுவாத மயிரைக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். கம்பளி பிரிப்போரைத் தாக்கிய அடைப்பான் நோய்க்கு ஆங்கில நாட்டில் "கம்பளி பிரிப்போர் நோய்" என்றே பெயர் இருந்தது. ஆகவே நலமான மந்தையின் மயிரையே வாங்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு திறந்த வெளியில் உதறிப் பிரிக்க வேண்டும். சோப்பு கலந்த சூடான நீரில் கசக்காமல் ஊறவைத்துக் கழுவ வேண்டும். கசக்கினால் அங்கேயே ஃபெல்ட் ஆகிவிடும் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

நாம் செய்யத்தக்கது

பேராசிரியப் பெருந்தகைகளுக்கும் உடன் பயிலும் நண்பர்களுக்கும் என் வேண்டுகோள் எளியது. கைவினைக்கென்று ஒதுக்கும் நேரத்தில் ஒரு பருவம் முழுவதும் கம்பளி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். விலங்கியல் துறையார் இனங்களையும் மயிரின் அமைப்பையும் சொல்லட்டும். வேதியியல் துறையார் சோப்பையும் சாயத்தையும் விளக்கட்டும். வரலாற்றுத் துறையார் பாசிரிக் கல்லறைகளைக் காட்டட்டும். பொருளியல் துறையார் ஆடு மேய்ப்பவருக்கு மயிரால் ஏன் வரவில்லை என்று கணக்கிட்டுக் காட்டட்டும். பெட்டிக் கம்பளிக்குச் செலவிடும் பணத்தில், மயிர் கத்தரிக்கும் காலத்தில் அருகிலுள்ள மேய்ப்பர் ஒருவரிடமே சில கிலோ வாங்குவோம். அவரையே அழைத்து எந்த ஆட்டின் மயிர் எப்படிப்பட்டது என்று கேட்போம். நமக்குத் தெரியாத பலவற்றை அவர் தொட்டுச் சொல்வார்.

ஆண்டு முடிவில் கண்காட்சி வைக்கும்போது பொம்மைகளோடு, அளவும் நேரமும் குறித்த அந்தக் குறிப்பேடுகளையும் மேசைமேல் விரித்து வைப்போம். பார்க்க வருபவர் "அழகாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு நகரப்போகும்போது, "இந்த ஓரம் மட்டும் ஏன் இப்படிச் சுருங்கியிருக்கிறது?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். நாமும் அதற்கு விடை சொல்லத் தெரிந்தவர்களாக நிற்க வேண்டும்.